ஐந்து நாட்களாகச் சோர்ந்து நிற்கும் கோழி: எச்சம் பச்சையாக இருக்கிறது, கழுத்தை நெளிக்கிறது, வெள்ளைக்கழிச்சல்தானா?

செம்பி வீடு (ஈரோடு):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் செம்பி, கருப்பி என்ற இரண்டு சிறுவிடை இன நாட்டுக்கோழிப் பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. கோபிக்கு அருகில் உள்ள என் அம்மா வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்தவற்றை ஆறு மாதங்களுக்கு முன்புதான் இங்கே கொண்டு வந்தோம். செம்பிக்கு வயது இரண்டு. என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் அளவுக்குப் பழகிய கோழி.

ஐந்து நாட்களாக அவள் மற்ற இரண்டோடும் சேராமல், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு நிற்கிறாள். தீனி வைத்தால் ஓடி வந்து இரண்டு மூன்று முறை கொத்திவிட்டு விலகிப் போய்விடுகிறாள். தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். எச்சம் பச்சையும் வெள்ளையுமாக, மிகவும் கொஞ்சமாக விழுகிறது. அடிக்கடி கழுத்தை நீட்டி, பாம்பு நெளிவதைப் போல இரண்டு பக்கமும் வளைக்கிறாள். கையில் எடுத்தால் உடம்பு கொதிக்கிறது. கடைசியாக முட்டை இட்டு ஒன்பது நாட்கள் ஆகிவிட்டன. கருப்பியும் சேவலும் நன்றாகத்தான் இருக்கின்றன.

மருந்துக் கடையில் சொல்லிக் கேட்டபோது காய்ச்சலுக்கு என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து இரண்டு நாட்கள் கொடுத்தும் மாற்றம் எதுவும் இல்லை. சென்ற ஆண்டு அம்மா வீட்டில் இருந்தபோது தடுப்பூசி போட்டிருந்தார்கள். இந்த ஆண்டு நாங்கள் போடவில்லை. இது கூட்டம் முழுவதற்கும் பரவும் தொற்றுநோயான வெள்ளைக்கழிச்சல்தானா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால், மற்ற இரண்டையாவது காப்பாற்றிக்கொள்ள முடியும். மகள் இரவில் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.


கீரனூர் விவசாயி:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு வெள்ளைக்கழிச்சல்தான் நினைவுக்கு வந்தது. பச்சை எச்சமும் கழுத்து வளைவதும் சேர்ந்து வந்தால் எங்கள் ஊரில் வேறு எதையும் யோசிக்கமாட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சித்திரை மாதத்தில் என்னுடைய முப்பத்திரண்டு கோழிகளில் இருபத்தாறு ஒரே வாரத்தில் போய்விட்டன. முதல் கோழி சோர்ந்து நின்ற அன்றைக்கே அதைத் தனியாகப் பிரித்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது. ஆகவே முதலில் செம்பியைத் தனியாக ஒரு பஞ்சாரத்தில் அடைத்து, மற்ற இரண்டுக்கும் தீனித் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வேறாக வைத்துவிடுங்கள். முதலில் அவற்றைக் கவனித்துவிட்டுக் கடைசியாகத்தான் செம்பியிடம் போக வேண்டும். சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி சேர்த்து அரைத்துச் சிறு உருண்டைகளாகக் கொடுப்பது எங்கள் வழக்கம்.


ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

தனியாகப் பிரித்து வைக்கச் சொன்னது மிகவும் சரி. நோய் இன்னது என்று தெரியும்வரை அதை மாற்ற வேண்டாம். ஆனால் நோயின் பெயரை இப்போதே முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாத்திரையையும் நிறுத்திவிடுங்கள். எந்த மருந்து என்று தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்தால், அடையாளங்கள் மருந்தால் மாறுகின்றனவா நோயால் மாறுகின்றனவா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதியதில் ஒன்றை முதலிலேயே கழித்துவிடலாம். கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம் உடம்பு 37 டிகிரி என்பதால், நலமாக உள்ள கோழியைத் தூக்கினாலும் நம் கைக்குக் கொதிப்பதுபோலத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் கருப்பியைத் தூக்கிப் பாருங்கள். அவளும் அதே சூட்டில்தான் இருப்பாள்.

வெள்ளைக்கழிச்சல் என்று நினைக்க இன்னொரு தடை இருக்கிறது. 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளிலேயே நம் நாட்டின் மலையூரான ராணிக்கெட்டில் கண்டதால் அந்தப் பெயரையே இங்கே பெற்றுவிட்ட இந்த நோய், தடுப்பூசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் ஒரு கோழியோடு நிற்பது அரிது. ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடித்த மற்ற இரண்டும் ஐந்து நாட்களாகத் துள்ளிக்கொண்டிருப்பது அதற்கு எதிரான சாட்சி. முடிவான சாட்சி என்று சொல்லமாட்டேன். நோய் வெளியே தெரியச் சில நாட்கள் ஆகலாம், சென்ற ஆண்டுத் தடுப்பூசியின் பலன் ஒன்றில் மிஞ்சியும் மற்றொன்றில் குறைந்தும் இருக்கலாம். ஆகவே கோழியையே கேட்போம்.

இன்று மாலை ஆறு மணிக்குமேல் செம்பிக்குத் தீனி வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். நாளை விடிவதற்கு முன், கூட்டிலிருந்து எடுத்தவுடன், எதையும் கொத்த விடாமல் அவளை உங்கள் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கழுத்து மார்போடு சேரும் இடத்தில், சற்று வலப்பக்கமாக விரல்களை வைத்துப் பாருங்கள். அங்கேதான் தீனிப்பை இருக்கிறது. மாலையில் நிரம்பிப் பந்துபோல இருக்கும் அந்தப் பை, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, விடியும்போது தோலோடு தோலாக ஒட்டிக் கிடக்க வேண்டும். காலியாக இருக்கிறதா, கல்லைப்போல இருக்கிறதா, பிசைந்த மாவைப்போல இருக்கிறதா, தண்ணீர் நிரப்பிய பலூனைப்போலத் தளும்புகிறதா என்று கவனியுங்கள். அலகைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கருப்பியையும் அதே நேரத்தில் அதே இடத்தில் தொட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு விரலுக்குப் புரியும்.

அதன்பின் விரலை அப்படியே கீழே இறக்கி நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்து நடுவில் எலும்பு லேசாகத் தட்டுப்பட்டால் நோய் அண்மையில் வந்தது. கத்தி முனையைப்போலக் கூராக நீட்டிக்கொண்டிருந்தால் வெகு நாட்களாகவே அவளுக்குத் தீனி சேரவில்லை. இறகுகளை விலக்கி, முக்கியமாக எச்சத்துவாரத்தைச் சுற்றி, பேனும் செள்ளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருவகைச் செள் பகலில் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில்தான் ஏறி இரத்தம் குடிக்கும் என்பதால், கூட்டின் மூலைகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்பது நாட்களாக முட்டை இல்லை என்பதால், முட்டை உள்ளேயே தங்கிவிட்டதோ என்ற கேள்வியும் வரும். கையுறை அணிந்து, சுண்டு விரலில் தேங்காய் எண்ணெய் தடவி, எச்சத்துவாரத்தில் மெதுவாக இரண்டு அங்குலம்வரை விட்டுப் பார்த்தால், தங்கிய முட்டை பெரும்பாலும் அங்கேயே வழவழப்பாகத் தட்டுப்படும். அப்படி முட்டை அடைத்த கோழி பெரும்பாலும் உடம்பை நிமிர்த்தி நின்று முக்கிக்கொண்டே இருக்கும். ஐந்து நாட்கள் தாங்குவதும் அரிது. இது உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் செய்யாதீர்கள், விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கழுத்தைப் பற்றி. கால் மணி நேரம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். வளைத்த கழுத்தைத் தானாகவே நேராக்கிக்கொள்கிறாளா, அல்லது அது முறுக்கிய நிலையிலேயே நின்று, தலை தலைகீழாகப் போய், நடக்கும்போது தடுமாறி விழுகிறாளா? இந்த ஒரு வேறுபாடு மிகவும் முக்கியம்.


செம்பி வீடு (ஈரோடு):

ஐயா, நீங்கள் சொன்னபடியே நேற்று ஆறு மணிக்குத் தீனியை எடுத்துவிட்டோம். இன்று காலை ஐந்தரை மணிக்கு நானும் மகளும் மாடிக்குப் போனோம். முதலில் கருப்பியைத் தொட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்தில் ஒன்றுமே இல்லை; இறகுக்குக் கீழே மெல்லிய தோல் மட்டும் விரலில் நழுவியது. பை எங்கே இருக்கிறது என்றே சந்தேகமாக இருந்தது.

பிறகு செம்பியைத் தொட்டேன். கையை வைத்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைவிடச் சற்று பெரிதாக, கெட்டியான உருண்டை ஒன்று இருக்கிறது. முழுக்கக் கல்லாக இல்லை. வெளியே கொஞ்சம் பிசைய வருகிறது, உள்ளே கயிற்றுப் பந்தைப்போல முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. அழுத்தினால் அவள் கழுத்தை நீட்டி நெளிக்கிறாள். அலகைத் திறந்தபோது இரண்டு நாள் புளித்த மாவைப்போல லேசான வாடை வந்தது. இரவெல்லாம் எதுவும் சாப்பிடாத கோழிக்குள் இவ்வளவு பெரிய உருண்டை இருப்பதைக் கண்டு மகள் பயந்துவிட்டாள்.

நெஞ்செலும்பு கூராகத்தான் தெரிகிறது. காய்கறி நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்த்தோம்: 1 கிலோ 120 கிராம் இருக்கிறாள். கோபியிலிருந்து கொண்டு வந்தபோது ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாள் என்று அம்மா சொல்கிறார். பேனோ செள்ளோ கண்ணில் படவில்லை. விரல் விட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, மன்னிக்கவும். கழுத்தை நெளித்த பிறகு ஒவ்வொரு முறையும் தானாகவே நேராக்கிக்கொள்கிறாள். நடையில் தடுமாற்றம் இல்லை.


ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

நீங்கள் மிகவும் நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். என்னுடைய பணிக்காலத்தில் கோழியைக் கொண்டு வந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இது தீனிப்பை அடைப்பு என்றே தோன்றுகிறது. இப்போது அந்தப் பச்சை எச்சத்தைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். கோழி எதைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் அதன் ஈரலிலிருந்து பித்தநீர் குடலுக்குள் வந்துகொண்டே இருக்கும். மேலேயிருந்து தீனி இறங்கினால் பித்தநீர் அதோடு கலந்து எச்சம் பழுப்பாக வெளியேறும். தீனி இறங்காவிட்டால் பித்தநீரின் பச்சை நிறம் அப்படியே வந்துவிடும். வெள்ளை என்பது கோழியின் சிறுநீர்தான். பறவைகளுக்குச் சிறுநீர் தனியாக வெளியேறுவதில்லை. அது சுண்ணாம்புபோல எச்சத்தின்மேல் படிந்து வருகிறது. ஆகவே பச்சையும் வெள்ளையுமாக, மிகக் கொஞ்சமாக விழும் எச்சம் பட்டினி கிடக்கும் கோழியின் எச்சம். வெள்ளைக்கழிச்சலிலும் கோழி தீனியை விட்டுவிடுவதால் அங்கேயும் எச்சம் பச்சையாகத் தெரியும்; அந்தக் குழப்பம் இயல்பானதே. கீரனூர் ஐயா தவறாகச் சொல்லிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கழுத்து நெளிவதும் அப்படித்தான். வெள்ளைக்கழிச்சலில் நரம்பு பாதிக்கப்படுவதால் கழுத்து அதன் விருப்பத்தை மீறி முறுக்கிக்கொள்கிறது. உங்கள் செம்பியோ தொண்டைக்குக் கீழே நிற்கும் பாரத்தைத் தள்ளிவிடத் தானே முயன்று நெளிக்கிறாள். முட்டை நின்றதற்கும் காரணம் இதுவே. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது, அதில் ஓடு உருவாக மட்டும் 20 மணி நேரம் போகிறது; அவ்வளவு சத்தைச் செலவழிக்கத் தீனி இறங்காத உடம்பில் ஏதும் இல்லை.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். இன்று முழுவதும் தானியமோ கீரையோ எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சியில் எடுத்து, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டால் அவளே விழுங்கிக்கொள்வாள். ஒருபோதும் தொண்டைக்குள் நேராக ஊற்றாதீர்கள். அலகைத் திறந்தால் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னால், நடுவில், ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். அதற்குள் அரைக் கரண்டி எண்ணெய் போனாலும் கோழி நிமோனியாவில் இறந்துவிடும். கொடுத்த பிறகு தீனிப்பையை ஐந்து நிமிடம் விரல் நுனிகளால் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புளித்த நீர் மூச்சுக்குழலில் இறங்கிக் கையிலேயே இறந்துபோன கோழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

நாளைக் காலை உருண்டை பாதியாகக் குறைந்திருந்தால் தொடரலாம். குறையாவிட்டால் வீட்டு வைத்தியத்தை அதோடு நிறுத்திவிட்டு, அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கொண்டு போக வழியில்லாவிட்டால் 1962 என்ற எண்ணை அழைத்து, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உங்கள் பகுதிக்கு வருமா என்று கேட்கலாம். எடை இவ்வளவு இறங்கியபின் நான்கு நாட்கள் காத்திருக்க அவளுக்குத் தெம்பு இல்லை.


மாடிக்கோழி (கோவை):

ஒரு கேள்வி கேட்க வேண்டும். செம்பி முட்டையிடும் கூட்டில் அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? உருண்டை கயிற்றுப் பந்தைப்போல இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அதே யோசனையாக இருக்கிறது. நானும் உங்களைப்போல மாடியில் கோழி வளர்ப்பவள். தோட்டத்தில் திரியும் கோழி புல்லைத் தலையிலிருந்து கொத்திச் சிறு சிறு துண்டாகத்தான் கிழித்து விழுங்கும், ஏனென்றால் வேர் மண்ணில் பிடித்திருக்கிறது. நாம் அறுத்துக் கொண்டுவந்து போடும் புல்லுக்கு அந்தப் பிடிப்பு இல்லாததால் அது முழுநீளமாகவே உள்ளே போகிறது. என்னுடைய கோழி ஒன்று அருகம்புல்லையும் சாக்கு தைத்த பிளாஸ்டிக் நூலையும் சேர்த்து விழுங்கி அடைத்துக்கொண்டது. நான் நான்கு நாட்கள் எண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் அது இறந்துவிட்டது. நார் முடிச்சை எண்ணெயால் கரைக்க முடியாது என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.


செம்பி வீடு (ஈரோடு):

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் மாடிக்குத்தான் ஓடினேன். கூட்டில் போட்டிருப்பது தேங்காய் நார். உரித்த மட்டையிலிருந்து நாங்களே பிரித்து, மெத்தென்று இருக்கட்டும் என்று கை நிறையப் போட்டிருந்தோம். இப்போது பார்த்தால் செம்பி உட்காரும் கூட்டில் பாதிகூட இல்லை. காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்து இரண்டு முறை புதிதாகப் போட்டிருக்கிறோம். அறுத்த புல்லும் போடுகிறோம்.

எண்ணெய்த் தண்ணீர் நான்கு முறை கொடுத்தோம். உருண்டையின் வெளிப்பக்கம் கொஞ்சம் இளகியிருக்கிறது, உள்ளே இருப்பது அசையவில்லை. நாளை வரை பார்க்கவா, இன்றே போகவா?


கீரனூர் விவசாயி:

இன்றே போங்கள் அம்மா. நார் என்று தெரிந்துவிட்டபின் காத்திருக்க ஒன்றும் இல்லை. நான் வெள்ளைக்கழிச்சல் என்று சொன்னது தவறாக இருந்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

என் பாட்டி இதற்கு வேறு மருத்துவம் பார்க்கமாட்டார். தீனிப்பை கட்டிப்போன கோழியை என் மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இறகைப் பிடுங்கிவிட்டுப் புது பிளேடால் கீறி, உள்ளே இருப்பதையெல்லாம் விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, வெந்நீரில் கழுவி, தைக்கும் ஊசியாலும் நூலாலும் மூட்டி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிவிடுவார். பல கோழிகள் பிழைத்தன, சில பிழைக்கவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது; அது துடித்தது இன்னும் என் தொடையில் இருக்கிறது. எங்கள் ஊருக்கு அன்றைக்குக் கால்நடை மருத்துவர் கிடையாது, பாட்டிக்கு வேறு வழியும் இல்லை. மரத்துப்போக ஊசி போட மருத்துவர் இருக்கும்போது, இந்தக் கதையைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பிளேடைக் கையில் எடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.


செம்பி வீடு (ஈரோடு):

இரண்டு நாட்களாக எழுத முடியவில்லை. செம்பி பிழைத்துவிட்டாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலையிலேயே அட்டைப் பெட்டியில் துணி விரித்துக் கொண்டு போனோம். மருத்துவர் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முட்டை அடைத்திருக்கிறதா என்பதையும் விரலால் சோதித்து இல்லை என்று உறுதி செய்துகொண்டார். வெள்ளைக்கழிச்சலுக்கான நரம்பு அடையாளமோ மூச்சுத் திணறலோ இல்லை என்றார். தீனிப்பைக்கு மேலே இறகை நீக்கி, மரத்துப்போக ஊசி போட்டு, பெரிய இரத்தக் குழாய்கள் இல்லாத இடமாகப் பார்த்து, ஏறத்தாழ ஒரு அங்குலத்துக்குத் தோலைக் கீறினார். அதற்குக் கீழே தனியாகத் தெரிந்த பையையும் கீறியவுடன் புளித்த வாடை அறை முழுக்கப் பரவியது.

அவர் இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுத்தபோது வெளியே வந்தது ஒரு கயிறு. உண்மையிலேயே கயிறுதான்: தேங்காய் நாரும் புல்லும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கட்டை விரல் பருமனில், என் உள்ளங்கை நீளத்துக்கு வந்தது. அதன் நுனி தீனிப்பையின் கீழ் வாயில் செருகிக்கொண்டிருந்ததாம். அதன் பின்னால் முளைத்துப்போன கம்பும் சோளமும் கூழாகச் சேர்ந்து வந்தன. கம்பு உள்ளேயே முளை விட்டிருந்ததைப் பார்த்தபோது, எத்தனை நாட்களாக அது அங்கே கிடந்திருக்கும் என்று நினைத்து எனக்குத் தாங்கவில்லை. செம்பி முழு நேரமும் விழித்தபடி, என் மகளின் கையில் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

உப்புநீரால் பலமுறை கழுவி, பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்தார். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. முதல் நாள் தண்ணீர் மட்டும். அதன்பின் ஒரு வாரம் குழைய வேகவைத்த சோறும் அவித்த முட்டையின் மஞ்சள் கருவும், ஒருமுறைக்கு ஒரு தேக்கரண்டி வீதம் நாளுக்கு ஐந்தாறு முறை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று மாலை அவள் போட்ட எச்சம் பழுப்பாக, நுனியில் வெள்ளை வைத்து, முன்போல் இருந்தது. எச்சத்தைப் பார்த்து வீடே மகிழ்ந்தது எங்கள் வீட்டில் இதுதான் முதல் முறை.

இனிமேல் கூட்டில் என்ன போட வேண்டும், மறுபடியும் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் மகளிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கூட்டில் நெல் உமி போடுங்கள். கடலைத்தோலும் மரத்தூளும்கூட நல்லவை. எதுவும் கிடைக்காவிட்டால் காய்ந்த ஆற்று மணலே போதும். கிராமத்தில் அடை வைக்கும் கூடையில் அதைத்தான் போடுகிறார்கள். கீரையையும் புல்லையும் கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக வெட்டிப் போட வேண்டும், அல்லது வேரோடு தொட்டியில் வளர்த்து அப்படியே அவற்றின் முன்னால் வைக்க வேண்டும். அரிசி மூட்டையைப் பிரித்த நூலும் பிளாஸ்டிக் கயிறும் மாடியில் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது.

அவள் ஏன் நாரைத் தின்றாள் என்பதையும் யோசிக்க வேண்டும். கோழிக்குப் பல் கிடையாது. தீனிப்பை ஊற வைக்கும் இடம் மட்டுமே. அரைக்கும் வேலை அதற்குக் கீழே உள்ள தடித்த சதைப்பையில் நடக்கிறது. அது ஆட்டுக்கல் என்றால், கோழி விழுங்கும் பொடிக் கற்கள்தாம் குழவி. கோபித் தோட்டத்தில் செம்பி அவற்றைத் தானே பொறுக்கித் தின்றிருப்பாள். உங்கள் மாடித் தளத்தில் ஒரு கல்லும் இல்லை. அரைவை மந்தமானால் மேலே உள்ள பையும் மெதுவாகவே காலியாகும். நாரைத் தின்னும் பழக்கத்துக்குப் பொழுதுபோகாமையும் பசுந்தீவனம் கிடைக்காத ஏக்கமும் காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. கோதுமை மணி அளவுள்ள பொடிக் கற்கள் கலந்த ஆற்று மணலை ஒரு தட்டில் எப்போதும் வைத்திருங்கள். கிளிஞ்சல் தூள் வைக்கிறோமே, போதாதா என்று பலர் கேட்பார்கள். கிளிஞ்சல் கரைந்து முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பாகப் போய்விடும், அது அரைக்க உதவாது. இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

மூன்றுக்கும் தடுப்பூசி போடாமல் விட்டது மட்டும் என் மனத்தில் உறுத்துகிறது. இந்த முறை வெள்ளைக்கழிச்சல் இல்லை. அடுத்த முறை அதுவாகவே இருக்கலாம். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். வீட்டில் மூன்று கோழி வைத்திருப்பவரும் கொண்டு போகலாம். செம்பிக்குத் தையல் ஆறி, எடை ஏறிய பிறகு போட வேண்டும். கருப்பிக்கும் சேவலுக்கும் இப்போதே மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். எப்போதாவது ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் திடீரென்று இறந்தால், அவற்றை வெறும் கையால் தொடாமல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். அப்போது குழந்தைகளை மாடிக்கு அனுப்பாதீர்கள்.


மாடிக்கோழி (கோவை):

நானும் இன்று என் கூடுகளில் இருந்த வைக்கோலை எடுத்துவிட்டு உமி போட்டுவிட்டேன். செம்பி வீட்டு அம்மா, கருப்பியும் அதே நாரில்தானே உட்கார்ந்தாள்? அவளுடைய தீனிப்பையை ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்கள்.


செம்பி வீடு (ஈரோடு):

நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. இன்று காலை கருப்பியின் பையில் சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று உருண்டது. எண்ணெய்த் தண்ணீர் கொடுத்துப் பிசைந்துவிட்டு, ஈர மாவு மட்டும் கொடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். மாலையில் சிறியதாகியிருக்கிறது, நாளை விடியற்காலையில் மறுபடியும் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அது காலியாகாவிட்டால் இந்த முறை ஐந்து நாட்கள் காத்திருக்கமாட்டேன்.

செம்பி இன்று 1 கிலோ 170 கிராம். மருந்து முடியும்வரையும், அதன்பின் மருத்துவர் சொன்ன நாட்கள் கழியும்வரையும் அவள் முட்டையிட்டாலும் சாப்பிடக் கூடாது என்று மகள் ஒரு தாளில் எழுதிக் கூட்டின் கதவில் ஒட்டிவிட்டாள்.